கதிரை தூக்கும் பிள்ளைகள்

மகள் யாழினி சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டிலிருந்து அவள் பள்ளிக்கு முச்சக்கரவண்டியில் ஐந்தே நிமிடம். நான் மாடி ஏறியபோது மணி அடித்தது. அவள் வகுப்பிலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரிசையாக வெளியே வந்தார்கள். வழி தெரியாமல் ஒருவன் தூணில் முட்டிக்கொண்டான். சிரித்துவிட்டு மறுபடி நடந்தான். ஏதோ விழாவுக்கு ஒத்திகை என்றுதான் நினைத்தேன்.

ஒத்திகை இல்லை, சமய பாடம். இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம், அவரவர் பிள்ளைக்கு அவரவர் சமயம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மணி அடித்ததும் பௌத்தப் பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் எழுந்து போவார்கள். இஸ்லாம் படிப்பவர்கள் நூலக வராந்தாவுக்கு, கத்தோலிக்கர்கள் மேடைக்குப் பின்னால், சைவம் படிப்பவர்கள் மாடிப்படி திரும்பும் இடத்துக்கு. அங்கெல்லாம் உட்கார எதுவும் இல்லாததால் கதிரையும் கூடவே போகிறது. நாற்காலிக்கு இங்கே அதுதான் பெயர்.

வரிசையில் என் மகள் இல்லை. எட்டிப் பார்த்தேன். தன் இடத்தில் கைகூப்பி உட்கார்ந்து மற்றவர்களோடு பாளி மொழியில் ஓதிக்கொண்டிருந்தாள். அதுவும் எல்லாரையும்விட உரக்க.

"நீ ஏன்டி அவங்ககூடப் போகல?" என்று மாலையில் கேட்டேன்.

"அந்தக் கதிரை கனம்மா. தூக்கிட்டுப் படி வேற இறங்கணும். மிஸ் இங்கேயே இருன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. பல்லேகலையில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து எங்களைத் திருநெல்வேலியிலிருந்து இங்கே அழைத்துவந்த என் கணவர், "மார்க் வருதுல்ல, விடு" என்றார். நானும் விட்டுவிட்டேன். எந்தச் சாமியாக இருந்தால் என்ன என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அந்தக் காலத்திலிருந்தே ஒரு பெருமை உண்டு.

வகுப்பாசிரியை நிலூகா நல்ல மனுஷி. "உங்கள் மகள் எங்கள் பிள்ளைகளைவிட அழகாக ஓதுகிறாள். நாங்கள் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மகளைப் புகழ்கிறாரே என்று நான் நன்றி சொன்னேன். அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டு, ஆண்டிறுதித் தேர்வுக்கான பௌத்த பாடப் பட்டியலில் யாழினியின் பெயரைச் சேர்த்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் என்னை மறித்தார். சைவ பாடம் எடுக்கும் செல்வமணி டீச்சர். தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். இரண்டு பஸ் மாறி வருகிறார்.

"நீங்கதானே யாழினி அம்மா? லிஸ்ட்ட பாத்தேங்க. ஒங்க புள்ள போயிட்டா மூணு பேருதான் மிச்சம். நாலுக்குக் கொறஞ்சா பாடத்தையே நிப்பாட்டிருவாங்க."

"அவளுக்கு எந்தச் சமயம்னாலும் ஒண்ணுதான் டீச்சர். நாங்க அதெல்லாம் பாக்கிறதில்ல."

"நீங்க பாக்கத் தேவையில்லங்க. ஊருக்குப் போனா தெருவுக்கு ரெண்டு கோயில். நீங்க மறந்தாலும் அது ஒங்கள மறக்காது. இந்த மூணு புள்ளைங்களுக்கு வாரத்துல ரெண்டு பாடவேளதான் இருக்கு. ஒங்க பெருந்தன்மையால அதையும் புடுங்கிராதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. என் பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்று சொல்ல இவர் யார்? முச்சக்கரவண்டி பிடித்து ஏறிவிட்டேன். சந்தியில் அரச மரமும் கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தர் சிலையும் வந்தன. சாரதி ஒரு கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓட்டினார். இங்கே வந்த முதல் வாரமே இதையெல்லாம் கவனித்து ஊருக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். சந்திக்குச் சந்தி சிலை, போயா என்கிற பௌர்ணமி நாளென்றால் இறைச்சிக் கடை கிடையாது, விடிந்தால் ஒலிபெருக்கி, எங்கே பார்த்தாலும் மதம்தான் போங்கள் என்று. நம் ஊர்க் காவல் நிலைய வாசலில் பிள்ளையார் இருக்கிறார். பேருந்துப் பணிமனையில் ஆயுதபூஜைக்குப் பூசணிக்காய் உடைக்கிறார்கள். மார்கழி பிறந்துவிட்டால் ஒலிபெருக்கி நம்மையும்தான் எழுப்பிவிடுகிறது. அதையெல்லாம் மதம் என்று ஒரு நாளாவது நினைத்திருப்பேனா? ஊர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பெரும்பான்மையாக இருப்பதில் உள்ள சௌகரியமே அதுதான், அப்படி இருப்பது நமக்கே தெரியாது. தெரியாமல் நான் செய்த ஒரு காரியம் அந்த வண்டியில் வைத்து ஞாபகம் வந்தது. ஏழாம் வகுப்பில் நான்தான் வகுப்புத் தலைவி. காலைக் கூட்டத்தில் பிள்ளையார் பாட்டுப் பாடாமல் நிற்பவர்களின் பெயரைக் குறித்துக் கொடுக்க வேண்டும். ஜரீனா என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் பாடமாட்டாள். விதி விதிதானே என்று அவள் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். பேசிக்கொண்டு நின்றவர்களோடு சேர்த்து அவளையும் ஒரு பாடவேளை முழுக்க வெளியே நிற்க வைத்தார்கள். மறுநாளிலிருந்து அவள் வாயை மட்டும் அசைத்தாள். பாடத் தொடங்கிவிட்டாளே என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

வீட்டுச் சொந்தக்காரர் ரிஹானா ராத்தாவிடம் கதிரை விஷயத்தைச் சொன்னேன். ராத்தா என்றால் அக்கா; கீழ்த்தளத்தில் இருக்கிறார், எங்களைவிட மூத்தவர். இவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டியில் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம்.

"எங்கட மகனும் அந்தக் கதிரைய தூக்கித்தான் வளந்த. தோளப் பாருங்களே, எவ்வளவு அகலம்!"

"ஸ்கூல்ல சொல்லவே இல்லையா ராத்தா?"

"என்னண்டு சொல்ற? அவங்க நல்ல மனுசர்தானே. சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க."

நான் சொன்னேன். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, ஒரு பருவத்துக்குப் பெரிய குழு மண்டபத்துக்குப் போகட்டும், அங்கே பெஞ்சுகள் இருக்கின்றன, சிறிய குழுக்கள் வகுப்பறைகளில் உட்காரட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். சமய நல்லிணக்கம் என்று சுவரில் ஒட்டுகிறோமே, அதைப் பிள்ளைகள் கால் வழியாகவும் கற்றுக்கொள்ளட்டும் என்றேன். தலைமையாசிரியர் பொறுமையாகக் கேட்டார். "இருபது பேர் எழுந்து போவதைவிட எட்டுப் பேர் போவது சுலபம் இல்லையா?" என்றார். கணக்கு எப்போதும் நிறையப் பேர் பக்கம்தான் நிற்கிறது.

அப்போது வங்கியில் வேலை பார்க்கும் ஒரு சிங்களத் தகப்பன் எழுந்தார். தன் மகன் கவிந்து தினமும் இதைப் பற்றிக் கேட்கிறானாம். "என் மகன் ஒரு கதிரை தூக்கட்டும்" என்றார். முதலில் சிரித்தார்கள். பிறகு கைதட்டினார்கள். இனிமேல் பௌத்தப் பிள்ளைகள் நண்பர்களின் கதிரைகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று. நல்ல மனது, மறுக்கவில்லை. ஆனாலும் எழுந்து போகிறவர்கள் அதே எட்டுப் பேர்தான்.

வாசலில் நிலூகா மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் உங்கள் மகளுக்கு ஏதாவது தவறு செய்துவிட்டேனா?" கண் கலங்கியிருந்தது. இல்லை என்றேன். உண்மையாகவே அவர் செய்யவில்லை. ஏழாம் வகுப்பில் நானும் எதுவும் செய்ததாக நினைக்கவில்லை என்பதை எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் வந்துவிட்டேன்.

யாழினியைச் சைவ பாடத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அவள் இரண்டு நாள் அழுதாள். "எல்லாரும் அங்க இருக்காங்க, நான் மட்டும் ஏன் போகணும்?" என்றாள். "அந்த மூணு பேருக்கும் ஒரு ஆள் வேணும்டா" என்றேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஒரு காரணமே இல்லை. யாருடைய வகுப்போ பிழைக்க என் பிள்ளையைத் தலையெண்ணிக்கைக்குக் கொடுக்கிறேனோ என்ற பயம் எனக்கு இருந்தது. இன்றும் இருக்கிறது.

முதல் வகுப்பன்று மனசு கேட்கவில்லை. கட்டணம் கட்டும் சாக்கில் போய் மாடிப்படியின் கீழே நின்றேன். கவிந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டான். யாழினியைப் பார்த்துக் கையசைத்துவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினான். நாலு பேர் உட்கார்ந்தார்கள். செல்வமணி டீச்சர் என்னைக் கண்டுவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார். பாட்டைத் தொடங்கிவைத்தார். யாழினிக்கு வரிகள் தெரியவில்லை. மற்ற மூவரின் வாயைப் பார்த்துப் பார்த்து ஒருவாறு கூடவே வந்தாள். பாட்டு முடிந்தது. எல்லாரும் கையைக் கீழே விட்டார்கள். அவள் மட்டும் கூப்பிய கையோடு, கண்ணை மூடி, கணீரென்று, "சாது, சாது, சாது" என்றாள். பௌத்த வகுப்பில் ஓதி முடித்ததும் அப்படிச் சொல்வார்கள்.

மூன்று பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாழினி கண்ணைத் திறந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. புத்தகத்தை எடுக்கச் சொன்னார். அதற்குள் மேலே வகுப்பில் மற்றவர்கள் ஓதத் தொடங்கியிருந்தார்கள். சைவப் புத்தகத்தை மடியில் விரித்து, டீச்சர் காட்டிய வரியில் விரலை வைத்துக்கொண்டு, என் மகள் அவர்களோடு சேர்ந்து மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.