சேர்த்ததும் காணாமல் போன குரல்

ராயப்பேட்டையில் எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் இன்று முழுக்க ஒரு குரலைத் தேடினேன். முதுகு விட்டுப்போய்விட்டது.

நேற்று சாந்தோம் பக்கத்து மாதா கோயில் பாடகர் குழுவைப் பதிவு செய்தோம். நடுவில் நின்று தனியாகப் பாடியவர், மீன் விற்கும் ஸ்டெல்லா அக்கா. மாலைக்குள் டேப் வானொலிக்குப் போக வேண்டும். அதற்குமுன் கேட்டுவிட, வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஹெட்ஃபோனில் இடது பக்கத்தைத் தனியாகக் கேட்டால் அவர் குரல் இருந்தது. வலதிலும் இருந்தது. வானொலிக்காக இரண்டையும் சேர்த்து ஸ்பீக்கரில் விட்டால், பின்பாட்டும் யாரோ இருமுவதும்தான் மிச்சம்.

"இன்னா சார், என் கொரலையே காணோம்? நான் சரியாப் பாடலியா?"

"நல்லாத்தான் பாடினீங்கக்கா. மெஷின்லதான் கோளாறு."

அவர் நம்பவில்லை. சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்தேன். மூன்று மணிக்கு அகப்பட்டது. டேப்பை ஓடவிட்ட பழைய வெளிநாட்டு ரெக்கார்டரிலிருந்து ஒலி வெளியே வரும் வலது பக்க மூன்று முனை பிளக்கில், யாரோ இரண்டு ஒயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். அதனால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிராக ஓடி, நடுவில் நின்று பாடியதால் இரண்டிலும் சமமாகப் பதிந்திருந்த குரலை அழித்துவிட்டன.

ஒயர்களைச் சரியாகப் பற்றவைத்தேன். குரல் முழுசாக வந்தது.

அக்கா கடைசிவரை அசையாமல் கேட்டார்.

"இதுவா என் கொரலு? முன்னாடி இருந்ததே தேவலாம் சார்."

எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. டேப்பை அனுப்பிவிட்டேன்.

தன் குரலை முதல்முறை டேப்பில் கேட்டு, பிடித்திருக்கிறது என்று சொன்னவர் உங்களில் யாராவது உண்டா?