என் மாட்டுக் காது

போன வாரம் மோகனூர் சாலையில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பசு வந்து என் தோளோரம் நின்று காதை மடக்கி மடக்கி ஆட்டியது. கொதிக்கிற பால் வாசமும் சாணி வாசமும் கலந்து வந்தன. கடைக்காரர் அதை விரட்டப் போனார். "விடுங்கண்ணா, நாங்க ரெண்டு பேரும் ஒரே வேலை பாத்தவங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் என் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். டீதான்.

நீங்களும் அப்படித்தான் பார்ப்பீர்கள். விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மருந்தியல் படித்த கையோடு நாமக்கல் பக்கம் ஓர் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் ஆராய்ச்சி வேலைக்குச் சேர்ந்தேன். அன்றைக்குக் கொடுத்த மாத்திரையில் எஃபாவிரென்ஸ் என்றொரு மருந்து இருந்தது. உயிரைக் காப்பாற்றும், கூடவே கனவும் கொடுக்கும். கனவென்றால் நம் வீட்டுக் கனவு இல்லை, கலர்க் கனவு. அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினால் நோய் மறுபடி தலைதூக்கும். ஆகவே யாருக்கு என்ன கனவு, எவ்வளவு தொல்லை என்று கேட்டு எழுதுவது என் வேலை. "இதுக்குமா சம்பளம் தர்றாங்க?" என்று அப்பா கேட்டார்.

கூடம் நிறைய ஆட்கள் இருப்பார்கள். அதனால் எல்லாரும் என் காதருகே குனிந்துதான் பேசுவார்கள். ஆரம்பித்து வைத்தவர் ஒரு லாரி டிரைவர். மாரப்பன் என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயரைச் சொல்லக் கூடாது.

"கோழி லாரி ஓட்டுதுங்க அம்மிணி. நான் கிளீனருங்க. 'டயரைத் தட்டிப் பாருடா'ங்குது."

"பயமா இருந்துச்சுங்களா?"

"பயமில்லீங்க. நல்லாத்தான் ஓட்டுது. மருவாதி இல்லாமப் பேசறதுதான் தாங்கல."

என் தாளில் லேசு, நடுத்தரம், கடுமை என்று மூன்று கட்டங்கள்தான். கோழியின் வாய்க்கொழுப்புக்குத் தனிக் கட்டம் இல்லை. நடுத்தரம் என்று போட்டேன். மாரப்பன் நிம்மதியாக எழுந்தார். "கெட்ட கனாவை மாட்டுக் காதுல சொல்லிட்டாப் பலிக்காதும்பாங்க. லாரியிலயே குடியிருக்கறவனுக்கு மாடு ஏதுங்க? நீங்கதான் மாடு."

பாராட்டுதான். செய்தி எப்படியோ பரவியது. தறியில் தன் மீசையே துணியாக நெய்து வருவதைக் கண்டு அலறியவர் வந்தார். சர்க்கரை ஆலைக்குள் கரும்போடு கரும்பாகப் போனவர் வந்தார். மேச்சேரி ஆட்டுக்குத் தாலி கட்டிவிட்டு, ஆட்டின் தாய்மாமனோடு சீர்த் தகராறில் சிக்கிய மாப்பிள்ளையும் வந்தார். ஒருவர் சொல்லி முடித்து என்னைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டே போனார். மாடாக என்னால் முடிந்தது, தலையை ஆட்டினேன். இனிப் பலிக்காது என்ற தைரியத்தில் மாத்திரையை யாரும் விடவில்லை. இந்த மருந்து தருவதெல்லாம் கெட்ட கனவே என்று அறிக்கை எழுதி, வெளியூர்க் கூட்டமொன்றில் படம் போட்டுப் பேசிக் கைதட்டும் வாங்கினேன்.

ராசாமணி மட்டும் எப்போதும் "கனாவே இல்லீங்க" என்பார். இதுவும் நான் வைத்த பெயர்தான். குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்த கணவர், நோயைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார். கேட்கும்போதெல்லாம் லேசாகச் சிரிப்பார். நானும் இல்லை என்றே எழுதிக்கொள்வேன்.

பிறகு புது மாத்திரை வந்தது. நல்ல மாத்திரை, குறை சொல்லக் கூடாது. கனவு கினவு கிடையாது. அடுத்த முறை வந்த ராசாமணி டப்பாவை என் மேசைமேல் வைத்தார்.

"பழசையே குடுங்க சாமி."

"அது இனி வராதுங்க. இது அதவிட நல்லதுங்க. கனாத் தொல்லைகூட இல்லை."

"அதுதானுங்க தொல்லையே. அவரு வர்றதில்லீங்க."

எனக்கு விளங்கவில்லை. முதன்முதலாக என் காதருகே குனிந்தார். பழைய மாத்திரை சாப்பிட்ட காலமெல்லாம் கணவர் ரிக் வண்டியோடு சமையலறைக்குள் வந்து, அடுப்பு மேடையில் போர் போடுவாராம். பாத்திரமெல்லாம் சேறு. இவர் திட்டுவாராம். சேற்றில் தொடங்கி, நோயைக் கொண்டுவந்ததற்கு, அதை மறைத்ததற்கு, சொல்லாமல் செத்ததற்கு என்று வரிசையாகத் திட்டுவாராம்.

"உசுரோட இருந்தப்ப ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனதில்லீங்க. கனாவுல அவரு வாயே தொறக்க மாட்டாரு. தலையைக் குனிஞ்சுட்டுக் கேட்டுக்குவாரு."

"இத்தன வருசமா ஏனுங்க சொல்லலை?"

"சொன்னாப் போயிருமுங்களே! கெட்ட கனாவைத்தான மாட்டுக் காதுல சொல்லுவாங்க?"

என் ஆராய்ச்சி அங்கேயே படுத்துவிட்டது. நல்ல கனவு கண்டவர்களெல்லாம் என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மனசு கேட்காமல் அலமாரியைத் திறந்துகூடப் பார்த்தேன். பழைய டப்பா ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். ராசாமணி புது டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். உயிரோடு இருக்க வேண்டுமே.

இப்போது அந்த மையத்தில் யாரும் யார் காதிலும் குனிவதில்லை. மாரப்பனின் கோழி எந்த ரோட்டில் போகிறதோ தெரியாது. எல்லாரும் நன்றாகத் தூங்குகிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் டீக்கடை வாசலில் அந்த மாடு காதை நீட்டியபோது, அன்றைக்கு வாசல்வரை போன ராசாமணி திரும்பி வந்து கேட்டது ஞாபகம் வந்தது.

"இன்னும் பாதித் திட்டு மிச்சம் இருக்குதுங்க சாமி. அதை இனி எங்கீங்க கொண்டுபோய்க் கொட்டறது?"