பிரித்த சுவரை விட்டு வராத அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் இருந்தவரை வாய்விட்டுச் சொல்ல மனம் வராத ஒன்றை, உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் இன்று சொல்கிறேன்.

சங்கராபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், குத்தகை விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். ஏர் பிடித்துக்கொண்டே படித்துப் பொறியாளரானார். கள்ளக்குறிச்சியில் அரசு வேலையில் சேர்ந்தார். எனக்குக் கல்யாணம் முடித்த பிறகுதான் தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த காலம் அது. அண்ணி கருவுற்றிருந்தார். கல்வராயன் மலையில் ஒருநாள் நிலம் லேசாக அதிர்ந்தது. வெள்ளிமலைப் பக்கம் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பழைய கல் கட்டடம் ஒன்றைப் பார்த்துவர அண்ணனை அனுப்பினார்கள். சுவரில் விரிசல்கூட இல்லை.

"அதான் நின்னுச்சே. நல்லா இருக்குன்னு எழுதிடுப்பா" என்றார் மேலதிகாரி.

"ஒரு தடவ நின்னா மறுதடவையும் நிக்கும்னு சொல்ல முடியாதுங்க சார். புதுசுன்னா உள்ள இன்னா போட்டோம்னு நமக்குத் தெரியும். பழசுல தெரியாது. எவ்ளோ தெரியலையோ அவ்ளோ ஜாஸ்தி பலம் இருக்கணும். பிரிச்சுப் பார்த்துட்டா அந்த ஜாஸ்தியக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாம்" என்றாராம் அண்ணன்.

சுவரில் ஓரிடத்தைப் பிரித்தார். வெளிக்கல் வரிசையையும் உள்கல் வரிசையையும் சேர்த்துப் பிடிக்கும் கட்டுக்கல் ஒன்றுகூட இல்லை. நடுவில் வெறும் மண். அடுத்த அதிர்வைத் தாங்க அதில் மிச்சப் பலமே இல்லை என்று கணக்கு சொன்னது. மூடிவிடலாம் என்றபோது விடுதிக் காப்பாளர் கைகூப்பினார்.

"மூடினா புள்ளைங்க காட்டு வேலைக்குப் பூடும்ங்க. திரும்பி வராதுங்க."

ஆகவே பிள்ளைகளை ஒரு பக்கம் தங்கவைத்து, மறுபக்கச் சுவரில் கட்டுக்கல் கோத்து, மேலே கான்கிரீட் பட்டை போடத் தொடங்கினார்.

அந்த வேலைக்கு நடுவில்தான், நாள் வருமுன்பே அண்ணிக்கு வலி கண்டது. போராட்டத்தில் சாலையெங்கும் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. மறியலில் இருந்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்களே. மலைக்குச் செய்தி கால்நடையாகத்தான் போயிற்று. அது சேர்ந்தபோது, மழையில், சுவர் பாதி பிரிந்து கூரை தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் பிள்ளைகள் மேல் சரியும். முட்டுக் கொடுத்து முடித்துவிட்டு, அண்ணன் நடந்தே மலையிறங்கினார்.

வீட்டு வாசலில் அவரைப் பார்த்ததும், "ஆம்பளப் புள்ளண்ணா..." என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வயல்வழியே மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே பிறந்து, மூச்சடங்கிய பிள்ளை. அடக்கம் முடிந்திருந்தது. அண்ணன் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

படுத்திருந்த அண்ணிதான் பேசினார். "நீங்க இருந்திருந்தாலும் ரோட்டுல வண்டி போயிருக்காதுங்க. அந்தப் புள்ளைங்க நல்லா கீதுங்களா?"

அண்ணன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

விடுதி வேலையைக் குறைவில்லாமல் முடித்தார். அந்தக் கட்டடத்தில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதன் பிறகு அண்ணனுக்குக் குழந்தை பிறக்கவில்லை. மறியலை யாராவது குறை சொன்னால், "அதனாலதான் நம்ம வூட்டுப் புள்ளைங்க காலேஜ் போச்சு" என்று தடுத்துவிடுவார். தன்னை மட்டும் அவர் மன்னிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், "அன்னிக்கு முட்டு வேலைய மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு வந்திருக்கலாமோ?" என்று அண்ணியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணி அவர் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அண்ணனைப் பெற்ற தகப்பன்போலக் கவனித்த செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுக்க வந்து நின்ற மலைமக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எங்கள் பெரியப்பா மகன்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? அவர்கள் நிலத்து வேலியோரத்தில்தான் அன்று அந்தப் பிள்ளையைப் புதைத்தோம். அதன் பக்கத்தில் அண்ணனுக்கும் இடம் வேண்டும் என்று அண்ணி கேட்டார். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள்.

பெயர் வைக்காத மகனுக்குப் பக்கத்தில் அண்ணன் இருக்கிறார்.