யேசுபாதத்தின் ரைஃபிள் இன்னும் ஸ்டேஷனில் இருக்கிறது

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். யேசுபாதம் போய்விட்டார் என்ற செய்தி போன வாரம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை டீக்கடையில் எங்கள் காதில் விழுந்தது. சொன்னவர் நம் ரைஃபிள் கிளப் செயலாளர். "பாவம், ஹார்ட் அட்டாக்" என்றவர், அதே மூச்சில் பஜ்ஜி ஆறிவிட்டதென்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்றார். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

யேசுபாதத்தை அறிந்த உங்களுக்கு அவர் ரைஃபிளும் தெரியும். காலனியிலிருந்து உருக்காலைக்குப் போய் ஃபிட்டராக உழைத்தவர், கடையில் இருந்ததிலேயே மலிவான .315 ரைஃபிளை வாங்கினார். பழைய ராணுவ ரைஃபிளின் சாயல். பலர் கை மாறி மரக்கட்டை தேய்ந்திருந்தது. முதல் நாளே செயலாளர் சிரித்தார். "இன்னா யேசு, எந்த சண்டைக்குக் கெளம்பிட்ட?" வயதில் மூத்தவரை அவர் ஒருமையில்தான் கூப்பிடுவார்.

"உங்க சீமத் துப்பாக்கி தோள்ல முத்தம் குடுக்கும் சார், என்னுது ஒதைக்கும். ஒதை வாங்கிப் பழகின தோளு, தாங்கும்" என்றார் யேசுபாதம்.

குண்டு விலை அதிகமென்பதால் ஒவ்வொன்றையும் நிதானமாகத்தான் சுடுவார். பின்னால் நிற்பவர்களுக்குப் பேஜார். அவசரப்படுத்தினால், "குண்டும் என்னுது, மூச்சும் என்னுது. நீ போய் நாஷ்டா துன்னுட்டு வா" என்பார்.

தேர்தல் வந்தால் எல்லோரும் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறோம், முடிந்ததும் வாங்கிக்கொள்கிறோம். கடந்த முறை அவருடையது மட்டும் திரும்பவில்லை. "காலனில எதுக்கு சார் துப்பாக்கி?" என்று செயலாளர் இன்ஸ்பெக்டரிடம் கேட்டது, அங்கே வரிசையில் நின்ற நம் எல்லோர் காதிலும் விழுந்தது. நான் பேச வாயெடுத்தேன். யேசுபாதம் என் கையைப் பிடித்தார். "கம்முனு இரு சார். நீ கத்தினா இன்னும் இறுக்குவானுங்க."

பிறகு குழலில் துரு ஏறக்கூடாதென்று எண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு அவர் ஸ்டேஷனுக்குப் போய்வந்தார்.

"இன்னாய்யா, பொண்டாட்டியப் பாக்க வந்தியா?" என்பார் அங்கிருந்த ஏட்டு.

"அவ ஊட்டாண்ட கீறா சார். இவளத்தான் நீங்க புட்ச்சி வெச்சிக்கினு கீறீங்க."

ஏட்டு சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார். துப்பாக்கி கைக்கு வராமலே போய்ச்சேர்ந்துவிட்டார்.

இப்போது அவர் மகள் ஸ்டெல்லா, அப்பாவின் ரைஃபிளைத் தன் பெயருக்கு மாற்றித்தரக் கேட்டிருக்கிறாள். நம் கிளப்பிலேயே சுடக் கற்றவள். இரங்கல் கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்ட செயலாளர், அதைத் தடுக்க மறுபடியும் ஸ்டேஷனுக்கு நடக்கத் தொடங்கியிருக்கிறார். அன்று வரிசையில் நின்றவர்களில் நாலு பேராவது அவளோடு போய் நில்லுங்கள். நானும் வருகிறேன்.

யேசுபாதத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது, விசையைத் தொடுமுன் மூச்சைப் பாதியில் நிறுத்தும் பழக்கம். சுடும்போது வருகிறது, கோபத்தில் வருவதில்லை. இதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். செயலாளர் அதைப் படித்து எரியவேண்டும் என்று ஆசைதான். அவரோடு பழைய பகை இல்லாதவர் நம் கிளப்பில் யார்? ஆனால் பெயர் இருந்தால் எல்லோரும் என் பகையைப் பேசுவார்கள், ஸ்டெல்லாவை மறந்துவிடுவார்கள். அழித்துவிட்டேன். பெயரில்லாமலே பதிவிடுகிறேன்.