கழற்றச் சொன்னது நான்தான்

2007இல், சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பெரிய சாலையை ஒட்டி இருந்த ஒரு தனியார் கல்லூரியில், தோட்டப் பிரிவு மேற்பார்வையாளராக எனக்கு வேலை கிடைத்தது. பண்ருட்டியில் எங்கள் தெருவில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த முதல் பெண் நான். படித்தேனே தவிர, ஒரு வண்டியின் அடியில் படுத்து ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றியதில்லை. அது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் சேர்ந்த நாளிலிருந்து எனக்கிருந்த கவலை.

இரண்டு மைதானங்களும் முன்பக்கப் புல்வெளியும் அங்கே உண்டு. அத்தனை புல்லையும் வெட்ட ஒரு டிராக்டர், அதன் பின்னால் மாட்டி இழுக்கிற மோவர். கவிழ்த்துவைத்த பெரிய இரும்புத் தட்டு மாதிரி இருக்கும். கத்திகள் அதன் அடியில் சுழலும். ஓட்டியவர் கடலூர்ப் பக்கம் ஒரு மீனவக் கிராமத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் போவதை விட்டு, டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவர்.

தினமும் வேலை முடிந்ததும் மோவரைத் தூக்கி நிறுத்தி, கட்டைகளை முட்டுக் கொடுத்து, அடியில் அப்பியிருக்கும் ஈரப்புல்லைத் தகட்டால் சுரண்டுவார். பிறகு பழைய ஆயிலைத் துணியில் நனைத்துப் பூசுவார். ஒரு நாள் விட்டால் என்ன என்று கேட்டபோது, இது உப்புக்காற்று, ஒரு நாள் விட்டால் ஒரு வருடத்தைத் தின்றுவிடும் என்றார்.

நான் பார்த்ததெல்லாம் மேல்பக்கத்தைத்தான். சேறு, கீறல், வெளுத்துப்போன பெயிண்ட். முக்கியமாக, மோவரின் பின்னால் தொங்கிய ரப்பர். நெல்லிக்குப்பத்துப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஒரு கன்வேயர் பெல்ட்டை வாங்கி, பட்டை பட்டையாக அறுத்து அவரே போல்ட் போட்டு மாட்டியது. ஓரமெல்லாம் பிய்ந்து, புல்லும் மண்ணும் ஒட்டி, கிழிந்த பாவாடை போலத் தொங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் வேலையையே யாரோ குறை சொல்வது போலிருக்கும்.

அடுத்த வருடம் கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருவதாகச் சொன்னார்கள். மூன்று நாள் உடனிருந்து மோவரைத் தேய்த்துக் கழுவி, பச்சைப் பெயிண்ட் அடிக்க வைத்தேன். முடிந்ததும் அந்த ரப்பரைக் கழற்றச் சொன்னேன்.

"அசிங்கமா இருக்குதுன்னு பாக்காதீங்க மேடம். கல்லு தெறிச்சா அதுதான் புடிக்கும்."

"ரெண்டு நாளைக்குத்தான் அண்ணே. அவுங்க போனதும் புதுசா மாட்டிடலாம்."

கழற்றினார். குழு வந்து போனது. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, புது மெஷின் வாங்கினீர்களா என்று சிரித்தபடி கேட்டார். அன்று முழுக்க அந்தக் கேள்வியையே மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புது பெல்ட் மாட்டவில்லை. அவர் இரண்டு முறை நினைவுபடுத்தினார். மூன்றாவது முறை கேட்காமல், பின்னால் ஒரு சாக்கை மடித்துக் கட்டியிருந்தார். மறுநாள் யாரோ விருந்தினர் வந்தார்கள். அந்தச் சாக்கையும் நான் அவிழ்க்கச் சொன்னேன்.

அடுத்த வாரம், மைதானத்து ஓரத்தில் கிடந்த ஒரு ஜல்லியைக் கத்தி அடித்து வீசியது. பாதையைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவின் முழங்காலுக்குக் கீழே பட்டது. அவர் துடைப்பத்தோடு அப்படியே உட்கார்ந்தார். டிராக்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்தவர் தன் துண்டால் காலைக் கட்டினார். நானும் ஓடினேன். ஆனால் என் கண் முதலில் போனது அந்தக் காலுக்கு அல்ல, மோவரின் பின்பக்கத்துக்கு. அதை வேறு யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தேன்.

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் எலும்பு உடைந்திருக்கிறது என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து நிர்வாக அலுவலர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பின்னால் இருந்த பெல்ட்டைக் கழற்றியது யார் என்று கேட்டார். டிராக்டர் ஓட்டுபவர் ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். பிறகு, "நான்தாங்க சார் கழட்டுனேன்" என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த இடத்தை எனக்காக விட்டு வைத்தது போலிருந்தது. அலுவலர் என்னைப் பார்த்து, உங்களுக்குத் தெரியுமா என்றார்.

"பெயிண்ட் அடிக்கிறப்ப கழட்டினாங்க சார். திரும்ப மாட்டலைங்கிறத நான் கவனிக்கல."

என் வாயிலிருந்து அது தயக்கமே இல்லாமல் வந்தது. டிராக்டர் ஓட்டுபவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

அவரை டிராக்டரிலிருந்து எடுத்து, பின் கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார்கள். புது பெல்ட் அன்று மாலையே வந்தது. மாட்டுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. புதிதாக வந்த டிரைவர் அடியில் சுரண்டுவதில்லை. மழைக்காலம் முடிவதற்குள் பச்சைப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரல் வைத்தால் துருவாக உதிர்ந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. பின் கேட் வழியாக நான் போவதே இல்லை. கடைசியில் ஒரு நாள் அலுவலரிடம் போய் உண்மையைச் சொன்னேன். முடிந்துபோன விஷயம், இப்போது கிளறினால் எல்லோருக்கும் தொந்தரவு என்றார். வெளியே வரும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பிறகு பின் கேட்டுக்குப் போய், டிராக்டர் ஓட்டியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுதான் கேட்டார்.

"அன்னிக்குச் சொல்லியிருந்தா எனக்கு வண்டி இருந்திருக்கும் மேடம். இப்ப சொன்னா உங்களுக்குத் தூக்கம் வரும், அவ்ளோதான். எங்கிட்ட எதுக்கு, அந்தக்காகிட்ட போய்ச் சொல்லுங்க."

அக்கா அப்போது நூலகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கால் சரியாகக் கூடாமல் சாய்ந்து சாய்ந்து நடப்பார். அலமாரிகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"அப்ப அந்த ஆள நான் எதுக்கும்மா இத்தன நாளா திட்டிக்கிட்டிருந்தேன்? அவரு மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னு பின் கேட்டுப் பக்கமே வராம, இந்தக் காலோட மெயின் ரோட்டச் சுத்தி வந்தனே."

அவர் வீடு பின் கேட்டுக்கு எதிரில்தான். ஐந்து நிமிட நடை. முன்வாசல் வழியாகச் சுற்றி வந்தால் அரை மணி நேரமாவது ஆகும். எனக்கு அதுவரை அது தெரியாது.

அன்றே நடந்ததையெல்லாம் அலுவலரிடம் எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு மெமோ வந்தது, அதோடு சரி. கேட்டில் இருந்தவரை மறுபடி டிராக்டருக்குக் கூப்பிட்டார்கள். வந்து மோவரின் அடியில் குனிந்து பார்த்தார். தட்டு இரண்டு இடத்தில் ஓட்டையாகியிருந்தது. பார்த்துவிட்டு, கேட்டிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த அக்கா அதற்குப் பிறகு பின் கேட் வழியாகத்தான் வந்தார். காலையில் இருவரும் நின்று பேசுவதைத் தூரத்திலிருந்து பார்ப்பேன். நான் அந்தப் பக்கம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, மரியாதையாக வணக்கம் சொல்வார்கள். 2011இல் வேலையை விடும் வரை அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.