கத்தரிக்கோல் மேல் விழுந்த பழி

வட்டம் மாஸ்டர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. இருபத்தெட்டு வருடமாகத் தையல் கடையில் துணி வெட்டுகிறவர். சாக்பீஸால் கோடு போட மாட்டார், அட்டை அளவு வைக்க மாட்டார். வெறும் கண் பார்வையில் கழுத்து வட்டத்தை வெட்டி எடுப்பார். மேலே கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் நூலிழை பிசகாது. அதனால் வந்த பெயர். மனிதருக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

கெட்ட பழக்கம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். கத்தரிக்கோல் சாணை பிடித்து வந்த அன்று கை சும்மா இருக்காது. பதம் பார்க்கிறேன் என்று எதிரில் கிடப்பதை வெட்டிவிடுவார். காலண்டர், மேசை விரிப்பின் ஓரம், ஒருமுறை மனைவி ஆசை ஆசையாக வாங்கிய பால்கனித் திரையின் நுனி. திரைக்காகப் பத்து நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

ஆகவே, பால்கனியில் ஒன்பது வருடமாகக் கண்ணுக்குள் வைத்து வளர்த்த ரோஜாச்செடியின் இலைகளில் ஒரு காலை வட்ட வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால், அந்த அம்மாள் யாரைச் சந்தேகிப்பாள்? சாணை பிடிப்பவர் வந்து போனது முந்தின நாள்தான்.

“இப்ப செடியுமா?” என்றாள்.

“நான் இல்லம்மா.”

“காசை வச்சு வரைஞ்ச மாதிரி இருக்கு. இந்தத் தெருவுல வேற யாருக்கு இப்படி வெட்ட வரும்?”

புகழ்கிறாளா திட்டுகிறாளா என்று மாஸ்டருக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். “பூச்சியா இருந்தாலும் இருக்கும். எங்கிட்ட மருந்து இருக்கு, ஒரு தடவை அடிச்சா ஈ எறும்புகூட மிஞ்சாது” என்று மருந்தடிக்கும் பாட்டிலைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்துவிட்டுப் போனார்.

“பூச்சின்னா நாளைக்குக் காலையில மருந்து. நீங்கன்னா…” மனைவி முடிக்கவில்லை. மாஸ்டர் திரைக்கான பத்து நாளை நினைத்துக்கொண்டார்.

அன்று கடைக்கு விடுமுறை. பழியைத் துடைத்தாக வேண்டும் என்று மாஸ்டர் செடிக்கு எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பதினொரு மணிவாக்கில் ஒரு கறுத்த தேனீ வந்தது. கூட்டமாக வரும் ஜாதி இல்லை, ஒண்டியாக வந்தது. இலை ஓரத்தில் காலைப் பரப்பி உட்கார்ந்து, வாயாலேயே வெட்டத் தொடங்கியது. உடம்பைக் கவராயம் மாதிரி சுழற்றிக்கொண்டே போனது. மாஸ்டர் இரண்டு மூச்சு விடுவதற்குள் துண்டு கழன்றுவிட்டது. அதைச் சுருட்டி வயிற்றுக்கு அடியில் இடுக்கிக்கொண்டு பறந்தது.

மாஸ்டர் முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். சாக்பீஸ் இல்லை, அட்டை இல்லை, சாணை பிடிப்பவர்கூட இல்லை.

தேனீ போய் நுழைந்தது பால்கனித் திரை தொங்கும் குழாய்க்குள். அந்தக் குழாயின் முனையில் மூடி தொலைந்து ஆறு மாதம் ஆகிறது. “மாட்டுங்க, மாட்டுங்க” என்று சொல்லிச் சொல்லி மனைவிக்கு அலுத்துப்போன மூடி. சாயங்காலம் வரை பார்த்ததில் மாஸ்டருக்கு வேலையின் ஒழுங்கு பிடிபட்டது. முதலில் நீளத் துண்டுகள். பிறகு அடிவயிறெல்லாம் மஞ்சளாக மகரந்தம் அப்பிக்கொண்டு பல நடை. கடைசியில் வட்டத் துண்டுகள். பையின் உடம்புக்கு ஒரு வெட்டு, அதன் மூடிக்கு ஒரு வெட்டு! ஊசி நூல் இல்லாமல் ஒரு பை செய்து, உள்ளே பிள்ளைக்குச் சோறு கட்டி வைத்து மூடுகிறாள். இவள் தாய்க்காரி.

தான் நிரபராதி என்பதற்குச் சாட்சி கண்ணெதிரில் பறக்கிறது. ஆனால் சுவரோரம் மருந்து பாட்டில் நிற்கிறது. தன் பெயரைக் காப்பாற்றினால் இவள் கதி அவ்வளவுதான். இப்படி ஒரு கை தேர்ந்த தொழில்காரியைக் காட்டிக்கொடுக்க மாஸ்டருக்கு மனசு வரவில்லை. எழுந்து உள்ளே போனார்.

“நான்தாம்மா வெட்டினேன்.”

மனைவி கத்தரிக்கோலை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். கடைக்குப் போகும்போது கொடுப்பாள், வந்ததும் வாங்கிப் பூட்டுவாள். மூன்று நாள் அந்த வீட்டில் டம்ளர் வைக்கும் சத்தம்தான் பேச்சு.

நான்காம் நாள் வெயில் ஏறிய பிறகு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் திரும்பி வந்து அவர் எதிரில் நின்றாள்.

“நேத்து ராத்திரி எண்ணி வச்சிருந்தேன். இப்ப ரெண்டு வட்டம் கூட இருக்கு. பீரோ சாவி என் தலையணைக்கு அடியில. பல்லால கடிச்சீங்களா?”

மாஸ்டர் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார், செய்யாத குற்றத்தைச் செய்ததாகச் சொன்னதற்காக. “சொல்றேன். ஆனா அந்த பாட்டிலைத் தொடக் கூடாது” என்று இன்னொரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

தேனீ வந்தது, வெட்டியது, போனது. மூன்று நடை வரை மனைவி கண்ணெடுக்காமல் பார்த்தாள். பிறகு, “பொடித்துண்டு ஒண்ணுகூடக் கீழே விழல. நீங்க வெட்டினா பாதித் துணி தரையில கிடக்கும்” என்றாள். செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாட்டம் ஒன்றும் இல்லை, ஏழு மொட்டு விட்டிருந்தது. “இதுக்காகவா மூணு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?”

“தொழில் தெரிஞ்சவளாச்சே” என்றார் மாஸ்டர்.

“அந்தக் குழாய்க்கு மூடி மாட்டிடாதீங்க” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு பால்கனி களைகட்டியது. அவள் கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விட்டாள். தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தாள். மாஸ்டர் உள்ளே துளையுள்ள நாணல் தண்டுகளைச் சம நீளத்தில் நறுக்கி, கட்டாகக் கட்டிச் சுவரில் மாட்டினார். இன்னும் இரண்டு பேர் குடிவந்தார்கள். இலைகளில் வட்டத்துக்குப் பஞ்சமில்லை.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா பாட்டிலைக் கேட்டு வந்தார். செடியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “இன்னும் ஓட்டை ஓட்டையா இருக்கே. பூச்சிதான் இது. விட்டா எங்க வீட்டுக்கும் வந்துடும். குடு, நானே அடிக்கிறேன்” என்று பாட்டிலைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துக் குழாய் முனையில் ஒரு கறுத்த தலை எட்டிப் பார்த்தது.

மனைவி செடிக்கு முன்னால் போய் நின்றாள். “பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் இவர் வேலை. சாணை பிடிச்ச கத்தரிக்கோல் கைக்கு வந்தா என்ன செய்யறார்னு அவருக்கே தெரியாது.”

அக்கா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாக்கா, என் வெட்டுதான்” என்றார். வேறொருவர் வெட்டைத் தன் வெட்டு என்று அவர் வெளியாரிடம் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

“உன் பொறுமை யாருக்கும் வராதும்மா” என்று அக்கா பாட்டிலோடு இறங்கிப் போனார்.

படியில் காலடிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்துவிட்டு மனைவி மெதுவாகச் சொன்னாள்: “உங்களுக்கு அவ்வளவு நல்லா வெட்ட வராதுன்னு பாவம் அந்த அக்காவுக்குத் தெரியல.”

“தெரிய வேண்டாம்” என்றார் வட்டம் மாஸ்டர்.