கோட்டுகளுக்குப் பின்னால் ஒரு சிலிண்டர்

நார்மன்ட் திபோ முப்பத்தோரு வருடம் அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்துத் தெருக்களில் தபால் சுமந்தவர். நாய்க்கடியும் தேய்ந்த முழங்காலும்தான் சம்பாத்தியம். மூன்றடுக்கு மரவீட்டின் மேல் தளத்தில் இருபத்திரண்டு வருடமாக மாத வாடகைக்கு இருந்தார். மனைவி லூசெட் இறந்த பிறகும் அந்த வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அவள் கையால் பூசிய மஞ்சள் சுவர் அங்கேதானே இருக்கிறது.

ஞாயிறு தவறாமல் பின்பக்க பால்கனியில் கேஸ் அடுப்பை மூட்டி மாட்டிறைச்சித் துண்டுகளைச் சுடுவார். வாசனை இறங்குவதற்குள் இரண்டாம் தளத்து ஆர்ட்டி ஷீஹன் தட்டோடு மேலே வந்து நிற்பார். பதினோரு வருடப் பழக்கம், நகமும் சதையும் போல. மாடியில் சிலிண்டர் கூடாது என்பது இருவருக்கும் தெரியும். அந்தத் தெருவில் அதை யார்தான் மதித்தார்கள்?

போன நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று யோசனை சொன்னதே ஆர்ட்டிதான்.

"வெளிய கெடந்தா வால்வு உறைஞ்சிடும்டா. உள்ள தூக்கி வை."

"உள்ள எங்கடா வைக்கிறது?"

"படுக்கையறை அலமாரில வை. எவன் வந்து பாக்கப் போறான்?"

நார்மன்டுக்கு முழங்கால் வலி. ஆர்ட்டியே தூக்கிக்கொண்டு போய்க் கோட்டுகளுக்குப் பின்னால் வைத்தார்.

மார்ச்சில் தீயணைப்புத் துறைப் பெண் அதிகாரி ஒருத்தி வந்தாள். கூடவே வீட்டுக்காரி மிஸஸ் பாப்பஸ். அதிகாரி பால்கனிப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"படுக்கையறை அலமாரியத் திறங்க சார். கோட்டுக்குப் பின்னால பாக்கணும்."

திறந்தார். வேறென்ன செய்வார்?

"மாடி பால்கனிலயே வைக்கக் கூடாது சார். நீங்க வீட்டுக்குள்ளயே வெச்சிருக்கீங்க. கசிஞ்சா இந்த கேஸ் கீழ இறங்கும். ஒரு பொறி போதும், மூணு குடும்பமும் காலி."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நார்மன்டுக்குத் தலை நிமிரவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டு மிஸஸ் பாப்பஸ் இறங்கிப் போனாள்.

அதிகாரிக்கு அந்த அலமாரி எப்படித் தெரிந்தது? யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. தூக்கி வைத்தவர் ஒருவர்தானே. பதினோரு வருடம் தின்ற வாய் அல்லவா அது! கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி இறங்கினார்.

ஆர்ட்டி கதவைப் பாதிதான் திறந்தார்.

"நீயா சொன்ன?"

ஆர்ட்டி கழுத்தைச் சொறிந்தார். "என் பையன் டெக்லன் பொண்டாட்டிக்கு ஜூன்ல குழந்தை பொறக்கப் போகுது. அவன் வீடு கெடைக்காம அலையறான். மேல காலியானா அவனுக்குத்தான்னு மிஸஸ் பாப்பஸ் சொல்லியிருக்கா."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பியா? லூசெட் சுவர், லூசெட் சுவர்னு உக்காந்திருப்ப."

"அலமாரில வைக்கச் சொன்னதே நீதான?"

"அப்ப இந்த நெனப்பு இல்லடா, சத்தியமா. தப்பா எடுத்துக்காத. உனக்கென்ன, நீ ஒண்டிக்கட்டை. எங்க இருந்தா என்ன?"

நார்மன்ட் மாடிப்படிப் பக்கம் திரும்பினார்.

"ஒண்டிக்கட்டைன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்," என்றார்.